டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிய சீரம்

கேள்வி: என் வயது 34. மதுரையில் பள்ளி ஆசிரியை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னங்களிலும் மங்கு விழுந்துவிட்டது. தாடையில் பரு வந்து போன கறுப்புத் தழும்புகள் வேறு. குழந்தைக்கு ஒன்பது மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் ஆன்லைனில் 20 சதவீத வைட்டமின் சி சீரம் 30 மில்லி வாங்கி, காலையும் இரவும் போட்டேன். முதல் நாளிலிருந்தே எரிச்சல். போகப் போகப் பழகிவிடும் என்று இருந்தேன். மூக்கோரம் தோல் உரிந்தது. இப்போது மங்கைச் சுற்றி இன்னும் கறுத்த மாதிரி இருக்கிறது. சீரமும் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிவிட்டது. “எல்லாம் கெமிக்கல், எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்” என்கிறார் மாமியார். பார்லரில் குளுட்டாதயோனும் வைட்டமின் சி-யும் ஊசியாகப் போடலாம் என்கிறார்கள். தினமும் ஸ்கூட்டரில்தான் பள்ளிக்குப் போய்வருகிறேன். வைட்டமின் சி எனக்கு ஒத்துக்கொள்ளாதா? நியாசினமைடோடு சேர்த்துப் போடலாமா? மீதமிருக்கும் அரை பாட்டிலைக் கை முட்டியிலாவது தடவித் தீர்த்துவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தச் சீரத்தை இன்றோடு நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக வேறு எதையும் உடனே ஆரம்பிக்கவும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு உங்கள் முகத்துக்குத் தேவை மூன்றே பொருள்கள்: நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். ஸ்கிரப் வேண்டாம், கடலைமாவு தேய்ப்பதும் வேண்டாம். உரிந்த தோல் ஆறட்டும். அதற்குப் பிறகு வைட்டமின் சி-யைப் பற்றி யோசிக்கலாம்.

மங்கைச் சுற்றிக் கறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பிரமையாக இருக்காது. கொசு கடித்த இடத்தைச் சொறிந்தால் அந்த இடம் மாதக்கணக்கில் கறுப்பாகவே நிற்கும். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த இடமும் அப்படித்தான். நம் மாநிறத் தோலுக்கு இது இயல்பு. எங்கே அழற்சி வந்தாலும் நிறமிச் செல்கள் கிளர்ந்து மெலனினைக் கூடுதலாகக் கொட்டிவிடும். வெள்ளைத் தோலில் ஒரு வாரம் சிவந்து மறைவது, நமக்கு ஆறு மாதக் கறுப்பாக நிற்கும். மூன்று மாதமாக நீங்கள் பொறுத்துக்கொண்ட எரிச்சல், கறுப்பைப் போக்க வந்த மருந்தையே கறுப்புக்குக் காரணமாக்கிவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் “எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், டாக்டர்” என்று நம்பிக்கையோடு சொல்பவர்கள் நிறைய. தோல் விஷயத்தில் இதைவிட மோசமான நம்பிக்கை இல்லை. போட்டவுடன் ஒரு நிமிடம் லேசாகச் சுறுசுறுவென்று இருந்து அடங்கினால் பரவாயில்லை. ஐந்து நிமிடம் தாண்டியும் எரிந்தால் கழுவிவிட வேண்டியதுதான்.

ஏன் எரிகிறது? சீரங்களில் இருக்கும் சுத்தமான வைட்டமின் சி-க்கு எல்-அஸ்கார்பிக் அமிலம் என்று பெயர். பெயரிலேயே அமிலம் இருக்கிறது. தண்ணீரில் கரையும் இந்தப் பொருளைத் தோலின் மேலடுக்கு எளிதில் உள்ளே விடாது. கரைசலின் பி.எச். அளவு 3.5-க்குக் கீழே, அதாவது நன்றாகப் புளிப்பாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவரும் அவர் குழுவினரும் பன்றித் தோலில் செய்து பார்த்து 2001-இல் இதை வெளியிட்டார்கள். அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. 20 சதவீதத்துக்கு மேல் செறிவைக் கூட்டினால் தோலுக்குள் போகும் அளவு கூடுவதில்லை. உள்ளே போனது பாதியாகக் குறையச் சுமார் நான்கு நாள் ஆகிறது. நான்கு நாள் உள்ளே தங்கும் பொருளை ஒரே நாளில் இரண்டு முறை போட வேண்டிய அவசியம் என்ன? நீங்கள் இரவில் போட்டதெல்லாம் பெரும்பாலும் எரிச்சலுக்குத்தான் உதவியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

சரி, இது என்ன செய்யும்? மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியின் மையத்தில் இருக்கும் செம்பு அயனிகளோடு வைட்டமின் சி இடைபடுவதால் நிற உற்பத்தி மட்டுப்படுகிறது. கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்வதற்கும் இது கட்டாயம் தேவை. இது இல்லாமல் போனால்தான் ஸ்கர்வி வந்து ஈறில் ரத்தம் கசியும், பழைய காயங்கள்கூட ஆறாமல் போகும். மூன்றாவது, வெயில் பட்டதும் தோலில் உருவாகும் தீவிரமான ஆக்சிஜன் துகள்களை இது அடக்கும். காலையில் போடச் சொல்வது இதற்காகத்தான். 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ இருந்த கரைசலில் அரை சதவீதம் ஃபெரூலிக் அமிலத்தைச் சேர்த்தபோது வெயிலிலிருந்து கிடைத்த பாதுகாப்பு ஏறக்குறைய இரட்டிப்பானதாக அதே டியூக் குழு 2005-இல் காட்டியது. சீரம் பாட்டில்களில் ‘ஃபெரூலிக்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதன் பின்கதை இது. சில நூறு ரூபாயிலிருந்து பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியும் இந்தச் சீரங்கள் விற்கின்றன. விலை உயர்ந்தது உங்களுக்கு வேண்டாம்.

மங்குக்கு எவ்வளவு பலன் தரும் என்பதையும் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். 2004-இல் மெக்சிகோவில் மங்கு உள்ள 16 பெண்களிடம் ஒரு சிறிய சோதனை நடந்தது. முகத்தின் ஒரு பக்கம் 5 சதவீத அஸ்கார்பிக் அமில க்ரீம், மறு பக்கம் கறுப்பை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்து 4 சதவீதம். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது நல்ல பலன் என்று மதிப்பிடப்பட்டவை ஹைட்ரோகுவினோன் பக்கம் 93 சதவீதம், வைட்டமின் சி பக்கம் 62.5 சதவீதம். ஆனால் எரிச்சல் போன்ற தொல்லைகள் ஹைட்ரோகுவினோன் பக்கம் 68.7 சதவீதம், வைட்டமின் சி பக்கம் 6.2 சதவீதம்தான். பதினாறு பேரை வைத்துப் பெரிதாக எதையும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் என் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது: வைட்டமின் சி மெதுவான, சாதுவான மருந்து. அங்கே பயன்படுத்தியது 5 சதவீதம் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் வாங்கியது அதைப் போல நான்கு மடங்கு.

டிகாக்‌ஷன் நிறத்துக்கு வருவோம். வைட்டமின் சி காற்று, வெளிச்சம், சூடு மூன்றையும் தாங்காது. ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும்போது தண்ணீர் போல இருந்தது முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு தேன் நிறம், அப்புறம் நீங்கள் சொன்ன டிகாக்‌ஷன். வைக்கோல் நிறம் வரைக்கும் பயன்படுத்தலாம். தேன் நிறம் கடந்துவிட்டால் அதில் மருந்தாக மிஞ்சுவது கொஞ்சம்தான். சிதைவில் உருவாகும் எரித்ருலோஸ் என்ற சர்க்கரையைத்தான் தோலைப் பழுப்பாக்கிக் காட்டும் செயற்கை ‘டேன்’ க்ரீம்களிலும் சேர்க்கிறார்கள். கெட்டுப்போன சீரம் போட்டவர்களுக்கு முகம் மஞ்சளித்துத் தெரிவதும் விரல் நுனி ஆரஞ்சாவதும் இதனால்தான். நானே இதில் பாடம் படித்தவள். மேல்படிப்புக் காலத்தில், காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று ஒரு பாட்டிலை ஏழெட்டு மாதம் வைத்துத் தீர்த்தேன். முகத்தில் என்ன மாறியதோ தெரியவில்லை, வெள்ளைத் துண்டும் தலையணை உறையும் மஞ்சளானது இன்னும் நினைவிருக்கிறது. மதுரையில் மே மாதம் குளியலறை அலமாரியில் இருக்கும் பாட்டில் நாள் முழுக்க அனலிலேயே கிடக்கும். அடுத்த முறை 15 மில்லி பாட்டிலாகப் பாருங்கள். அடர்பழுப்புக் கண்ணாடி அல்லது ஒளி புகாத பம்ப் பாட்டிலாக இருக்கட்டும். திறந்த தேதியை மேலே பேனாவால் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துவிடுங்கள். டிராப்பரை முகத்தில் தொடாமல் கையில் சொட்டிக்கொண்டு, உடனே மூடுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும்.

மாமியாருடைய எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், வீட்டில் சண்டை வராமல் பேச உதவும். 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம். 10 சதவீதச் சீரம் 100 மில்லியில் 10,000 மில்லிகிராம். இருநூறு மடங்கு வித்தியாசம். எலுமிச்சையில் நிறைய இருப்பது சிட்ரிக் அமிலம், அதன் பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும். ஆக, மருந்து கொஞ்சம், எரிச்சல் நிறைய. இதைவிட மோசமான சங்கதி, எலுமிச்சை வகைகளின் தோலில் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள். அது முகத்தில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் சூடு பட்டது போலக் கொப்பளித்து, ஆறியபின் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். பழத்தைப் பாதியாக அறுத்துத் தோலோடு கன்னத்தில் தேய்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தால் இதற்கு வழிவிட்ட மாதிரி ஆகும். எலுமிச்சை சர்பத்துக்குப் போகட்டும். சாப்பிட்டு வைட்டமின் சி சேர வேண்டுமென்றால் கொய்யாப் பழத்துக்கு மிஞ்சியது குறைவு, 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பாலூட்டும் உங்களுக்கு அது நல்லதுதான், மங்குக்காக என்று எண்ணிச் சாப்பிட வேண்டாம்.

ஊசி வேண்டவே வேண்டாம். நிறம் வெளுக்க குளுட்டாதயோன் ஊசி போடுவதற்கு எதிராக அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் இரண்டு நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் (எஃப்.டி.ஏ.) எச்சரித்திருக்கின்றன. அதோடு சேர்த்து நரம்பில் ஏற்றும் வைட்டமின் சி அளவு அதிகம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருப்பவர்களுக்கு அந்த அளவு ரத்த அணுக்களை உடைத்துவிடும். தமக்கு அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. பார்லரில் யாரும் அதற்கு ரத்தப் பரிசோதனை செய்வதில்லை. போதாக்குறைக்கு நீங்கள் பால் கொடுக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் “மங்குக்கு ஏதாவது க்ரீம்” என்று கேட்டால் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகை மருந்தான டிரெட்டினாயின் மூன்றும் கலந்த ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுக்கக்கூடும். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளாக 2018-இல் அரசு வகைப்படுத்தியும் விற்பனை நின்றபாடில்லை. முதல் பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும், ஊரே விசாரிக்கும். நாலைந்து மாதத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயிலில் முகம் செக்கச்செவேல் என்று ஆகும். நிறுத்தினால் பரு வெடிக்கும். முகம் முழுக்க அப்படியாகி வந்து உட்காருகிறவர்களைப் பார்க்கும்போது மங்கே தேவலாம் என்று தோன்றும். அதில் இருக்கும் மருந்துகளுக்கு இடம் உண்டு, ஆனால் நேரில் பார்த்து, கெடு வைத்துக் கொடுக்க வேண்டியவை.

மூன்று வாரம் கழித்து, உரிதலும் எரிச்சலும் சுத்தமாக அடங்கியபின் மறுபடி தொடங்குங்கள். உங்களுக்கு நான் 20 சதவீதத்தைத் தரமாட்டேன். 10 சதவீத எல்-அஸ்கார்பிக் அமிலம் போதும். அதுவும் எரித்தால் ஈதைல் அஸ்கார்பிக் அமிலம், அஸ்கார்பைல் குளூக்கோசைடு, சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் இருக்கின்றன. இவை இவ்வளவு புளிப்பு இல்லாதவை, எளிதில் கெடவும் மாட்டா. அஸ்கார்பிக் அளவுக்கு இவற்றின் பலனுக்குச் சான்று இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எரியும் தோலுக்கு இவையே மேல். பரு வரும் முகத்துக்குப் பாஸ்பேட் வகை நன்றாக ஒத்துப்போகும். லேபிளின் பின்பக்கம் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘வைட்டமின் சி’ என்று முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் ஆரஞ்சுச் சாறு மட்டும் காட்டும் பாட்டில்களும் உண்டு.

முதல் மூன்று நாள் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு போட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் வாரத்துக்கு இரண்டு காலை, முகத்தில். இரண்டு வாரம் அப்படிப் போனால் ஒருநாள் விட்டு ஒருநாள். அதோடு நிறுத்திக்கொண்டாலும் சரிதான். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபிறகு நான்கைந்து சொட்டு. ஈர முகத்தில் போட்டால் எரிச்சல் கூடும். கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள், முன்பு உரிந்ததும் மூக்கோரத்தில்தானே. மேலே மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் சன்ஸ்கிரீன். பால் கொடுப்பதற்கும் தோலில் போடும் வைட்டமின் சி-க்கும் பிரச்சினை இல்லை. குழந்தையின் கன்னம் உங்கள் முகத்தில் உரசும் நேரத்தில் ஈரமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நியாசினமைடும் (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) வைட்டமின் சி-யும் சேராது என்ற பேச்சு 1960-களின் சோதனைகளிலிருந்து வந்தது. இப்போது கிடைக்கும் க்ரீம், சீரங்களைச் சாதாரண வெப்பத்தில் முகத்தில் போடும்போது அந்தப் பயம் தேவையில்லை. இருந்தாலும் உங்கள் தோல் இப்போது கோபத்தில் இருக்கிறது, நியாசினமைடை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், 5 சதவீதம் போதும். பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு போடுகிறீர்கள் என்றால் அதுவும் இரவில்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பெராக்சைடு வைட்டமின் சி-யைச் சிதைத்துவிடும். பால் மறக்கும்வரை வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் வேண்டாம் என்பது என் வழக்கம்.

இவ்வளவு பேசினேன், ஆனால் உங்கள் கடிதத்தில் ‘சன்ஸ்கிரீன்’ என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்கூட இல்லை. என்னை இழுத்து நிறுத்தியது அதுதான். சன்ஸ்கிரீன் இல்லாமல் மங்குக்குச் சீரம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கையில் ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், சீரத்தை விட்டுவிட்டுச் சன்ஸ்கிரீன் வாங்கச் சொல்வேன். எஸ்.பி.எஃப். 50 என்று போட்டது, அதிலும் தோல் நிறத்தில் வரும் ‘டின்டட்’ வகை. மங்கைக் கிளறுவது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கறுக்க வைக்கும். அதைத் தடுப்பது டின்டட் வகையில் இருக்கும் அயர்ன் ஆக்ஸைடு. அளவு, ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய இரண்டு கோடு. பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் பாட்டிலில் எழுதியிருக்கும் 50 உங்களுக்குக் கிடைக்காது. வீட்டை விட்டுக் கிளம்ப கால் மணி நேரம் முன்பு ஒரு முறை, மதிய இடைவேளையில் ஒரு முறை. ஸ்டாஃப் ரூம் பையில் இன்னொரு சின்ன ட்யூப் இருக்கட்டும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், அதற்கு உள்ளே துப்பட்டாவைக் கன்னத்தில் சுற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

பிரசவத்துக்குப் பின் வந்த மங்கு பலருக்கு மாதங்கள் போகப் போகத் தானாகவே வெளிறும். கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா? எழுதவில்லை. எடுத்தால் அதுவும் மங்கைப் பிடித்து வைத்திருக்கலாம், மகப்பேறு மருத்துவரிடம் வேறு முறை கேளுங்கள். கறுப்பு கன்னத்தில் மட்டும் இல்லாமல் நெற்றி முடியோரம், காதோரம், கழுத்து என்று சாம்பல் நீலமாகப் பரவினால் அது மங்காக இல்லாமலும் போகலாம். தலைச்சாய ஒவ்வாமை அப்படி வரும். அப்போது இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் தேடினால் எதுவும் தெரியாது. மூன்று மாதம் கழித்துப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கை முட்டிக் கேள்விக்குப் பதில்: வேண்டாம். முட்டி கறுப்பது நாற்காலிக் கையிலும் மேசையிலும் ஊன்றி ஊன்றித்தான், விடைத்தாள் திருத்தும்போது நீங்களே கவனித்துப் பாருங்கள். அதற்கு யூரியா கலந்த க்ரீமும், முட்டிக்குக் கீழே ஒரு மடித்த துணியும் போதும். அந்த அரை பாட்டிலைக் குழாயடியில் கொட்டிவிடுங்கள். கொட்டிய கையை வெள்ளைத் துண்டில் மட்டும் துடைக்காதீர்கள்.